கலர் அடிச்சா கறுப்பு கரையுதே, ஏன்?

இந்த அட்டையைப் பாருங்க. கேமரா கிட்ட கொண்டு வர்றேன். இது செம்பருத்தி. அதாவது, பத்து நிமிஷம் முன்னாடி வரைக்கும் செம்பருத்தி. இப்போ கரிச்சட்டி துடைச்ச துணி.

வேணும்னேதான் கெடுத்தேன். ஏன்னா கொஞ்ச நாளா நீங்க அனுப்புற படம் பாதி இப்படித்தான் இருக்கு. "அக்கா, பூ ஸ்டாம்ப் அழகா விழுந்துச்சு. கலர் அடிச்சதும் கறுப்புக் கோடு கரைஞ்சு இதழ் பூரா பரவிடுச்சு. தண்ணி ஜாஸ்தியாயிடுச்சா?" ஒருத்தங்க மூணு பிரஷ் மாத்திப் பார்த்திருக்காங்க. இன்னொருத்தங்க, வீட்டுக்காரர் ஃபேனை அஞ்சுல வச்சதாலதான் இப்படி ஆச்சுன்னு எழுதியிருக்காங்க. பாவம் அவரு, விட்டுடுங்க.

பிரஷ் தப்பு பண்ணல. நீங்க கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணே ஒண்ணு: இந்த மை எதுல கரையும்?

ஸ்டாம்பை பிளாக்ல ஒட்டுறது, பேட்ல தட்டுறது, அழுத்துறது எல்லாம் நான் சொல்லப் போறதில்ல. அது உங்களுக்கே தெரியும். நேரா மைக்கு வந்துடறேன்.

ஸ்கூல்ல ஹீரோ பேனாவால எழுதின நோட்டு மேல தண்ணி பாட்டில் கவுந்திருக்கா? எனக்குக் கவுந்திருக்கு. சமூக அறிவியல், ஒரு பாடம் முழுக்க நீலக் குளம். அதே நோட்டுல பால் பேனாவால எழுதின பக்கம் அப்படியே இருந்துச்சு. அப்போ பால் பேனா பலசாலியா? ஒரு சொட்டு சானிடைசரை அது மேல விடுங்க. தெரியும் சேதி. பால் பேனா மைக்குத் தண்ணி ஒண்ணும் பண்ணாது, ஆல்கஹால் பட்டா இளகிடும். மை பேனாவுக்குத் தண்ணியே போதும். எல்லா மையும் ஏதோ ஒண்ணுல கரையும். அது எதுன்னு தெரிஞ்சுக்கிட்டு அதை மட்டும் மேல கொண்டு போகாம இருந்தா, உங்க கோடு நிக்கும்.

இப்போ உங்க கையில இருக்கிற கலரைப் பாருங்க. வாட்டர் கலர், வாட்டர் கலர் பென்சில், பிரஷ் பென் பெரும்பாலும், இதெல்லாம் தண்ணியில வேலை செய்யறது. காப்பிக் மாதிரி ரெண்டு பக்கமும் முனை இருக்கிற மார்க்கர், மூடியைத் திறந்தா ஆஸ்பத்திரி வாசனை வருமே, அது ஆல்கஹால். சாதாரண கலர் பென்சில் மெழுகோ எண்ணெயோ கலந்தது, ஈரமே இல்ல, மை காய்ஞ்சிருந்தா எதோடவும் சண்டை போடாது. அதனாலதான் புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்குக் கலர் பென்சில் வாங்குங்கன்னு நான் கத்திக்கிட்டே இருக்கேன். நீங்க கேக்கறதில்ல, மார்க்கர் செட்டு எண்பது கலர்னு போட்டிருந்தா ஓடிப் போய் வாங்கிடறீங்க. எண்பதுல அறுபது நீலமும் பச்சையும்.

சரி, மை. மெமெண்டோன்னு ஒரு பேட். இது சாயம், தண்ணியில கரையும். அதனால இதுமேல ஆல்கஹால் மார்க்கர் போடலாம், கோடு நகராது. தண்ணி மட்டும் காட்டாதீங்க. ரேஞ்சர் ஆர்கைவல், வெர்சாஃபைன் கிளேர், இது ரெண்டும் தண்ணிக்கு அசையாது. வாட்டர் கலருக்கு இதுதான். ஆனா ஆல்கஹால் மார்க்கரை இதுங்க மேல ஓட்டாதீங்க. ஸ்டேஸ்ஆன்னு ஒண்ணு, கண்ணாடி, பிளாஸ்டிக் மேலகூட ஒட்டும். தண்ணிக்கு அசையாது, ஆனா அதுவும் மார்க்கர் பட்டா இளகும். அப்புறம் நம்ம ஆபீஸ் ஸ்டாம்ப் பேட், அந்த ஊதாவும் கறுப்பும். அது ரசீதுல முத்திரை குத்தறதுக்குப் பண்ணது. பேட் காயாம ஈரமா இருக்கணும்ங்கறதுதான் அதோட பிறவிப்பயன். உங்க செம்பருத்தியைப் பத்தி அதுக்கு ஒரு கவலையும் இல்ல.

இதுல என் கதை ஒண்ணு இருக்கு. நாத்தனார் வளைகாப்புக்கு அறுபது அட்டை பண்றேன்னு வாய் விட்டுட்டேன். கடையில கேட்டேன், "வாட்டர் ப்ரூஃப்தானே?" "ஆமாம்மா, பக்கா வாட்டர் ப்ரூஃப்." வாங்கிட்டு வந்து அறுபதையும் ஸ்டாம்ப் பண்ணிக் காயவச்சு, ராத்திரி பதினொரு மணிக்கு மார்க்கரை எடுத்தேன். முதல் இதழ்லயே ரோஸ் கலர் முனை கறுத்துப் போச்சு. ஒரு அட்டை கெட்டா பரவாயில்ல, மார்க்கரும் கெட்டுப் போச்சு, அந்த முனை இன்னிக்கும் சாம்பல்தான் எழுதுது. கடைக்காரர் பொய் சொல்லல. வாட்டர் ப்ரூஃப்னா வாட்டருக்கு மட்டும்தான் ப்ரூஃப்! நான்தான் கேள்வியை அரைகுறையா கேட்டேன். எதுல கரையும்னு கேட்டிருக்கணும்.

பேரே போடாத பேட் வீட்டுல இருந்தா? ஒரு துண்டுக் காகிதத்துல மூணு தடவை ஸ்டாம்ப் பண்ணுங்க. நல்லாக் காயட்டும். ஒண்ணு மேல ஈர பிரஷ். ஒண்ணு மேல உங்ககிட்ட இருக்கிற வெளிர் மார்க்கர், பழசா பாத்து. மூணாவதை விரலால தேய்ங்க. முடிஞ்சுது. மார்க்கருக்குப் பதிலா சானிடைசர் வச்சு சோதிக்காதீங்க, அதுல ஆல்கஹாலோட தண்ணியும் இருக்கு. மை கரைஞ்சா எது கரைச்சதுன்னு தெரியாது. பால் பேனாவுக்கு மட்டும் சரி, அதைத் தண்ணி தொடாதுன்னு ஏற்கெனவே தெரியும்.

இந்த இடத்துல ஒரு விஷயம் சொல்லியே ஆகணும், எடிட்டிங்ல வெட்ட மாட்டேன். "இதெல்லாம் வெளிநாட்டு ஹாபி, பணக்காரங்க விளையாட்டு"ன்னு ஒருத்தர் எழுதியிருந்தார். கோடு மட்டும் அச்சடிச்சு உள்ள கையால கலர் கொடுக்கறது ஹாபியே இல்ல, பொழப்பு. ஒரு காலத்துல புத்தகமே அப்படித்தான் வந்துச்சு. லண்டன்ல 1787-ல வில்லியம் கர்ட்டிஸ்னு ஒருத்தர் செடிகொடிக்குன்னு ஒரு பத்திரிகை ஆரம்பிச்சார். அதுல வர்ற பூப்படத்துக்கெல்லாம் 1948 வரைக்கும் கையாலதான் கலர். ஒவ்வொரு பிரதிக்கும்!

அவ்வளவு தூரம் ஏன், இங்கே மெட்ராஸ். கிழக்கிந்தியக் கம்பெனி டாக்டரா வந்த ராபர்ட் வைட், 1838-லேர்ந்து நம்ம நாட்டுத் தாவரங்களைப் படத்தோட புத்தகமா போட்டார். வரைஞ்சவங்க யாரு? ரங்கய்யா, அவருக்கப்புறம் கோவிந்து. நம்ம ஊர் ஓவியர்கள். கோவிந்து பேரால ஒரு ஆர்க்கிடுக்கே கோவிந்தோயியான்னு பேர் வச்சார் வைட். இண்டியன் பாட்டனி படங்கள்னு அவர் போட்ட புத்தகத்துல கல்லச்சுல கோடு, மேல கைக் கலர். இப்போ நான் ஏன் இதைச் சொல்றேன்? கல்லச்சு மை கொழுப்பு மை. தண்ணியும் கொழுப்பும் ஒட்டாது, அந்த ஒரே குணத்தை வச்சுத்தான் கல்லச்சே ஓடுது. அதனால வாட்டர் கலர் அடிச்சாலும் கோடு அசையாது. பாத்தீங்களா? மை எதுல கரையும்! திரும்ப அங்கேயே வந்துட்டேன்.

முதல்முதலா விலைக்கு வந்த கிறிஸ்துமஸ் அட்டையும் இதே கதைதான். லண்டன், 1843. ஹென்றி கோல்னு ஒருத்தர் சொல்லி ஹார்ஸ்லிங்கற ஓவியர் வரைஞ்சது. கல்லச்சு, மேல கையால கலர், விலை ஒரு ஷில்லிங். படத்துல குடும்பமே கையில ஒயின் வச்சிருக்கும், சின்னக் குழந்தைக்கும் ஒரு வாய் ஊட்டுவாங்க. மதுவிலக்குக்காரங்க கொதிச்சுப் போயிட்டாங்க. முதல் கிறிஸ்துமஸ் அட்டைக்கே திட்டு விழுந்திருக்கு, என் வீடியோவுக்கு விழறதுல என்ன அதிசயம்.

நம்ம வீட்டுல பொங்கல் வாழ்த்து வரும்ல? கரும்பு, பானை, ரெண்டு மாடு, இல்லாட்டி ரஜினி. உறையை ஒட்டாம மூடியை உள்ளே செருகி, மேல புக் போஸ்ட்னு எழுதி அனுப்பினா அப்போ தபால்தலை செலவு கம்மியா இருந்துச்சு. எங்க பெரியப்பா அதுக்குள்ள நாலு பக்கம் கடுதாசி எழுதி வச்சுடுவார். சரி, நேரம் போகுது.

காகிதம். சார்ட் பேப்பர் வேண்டாம், தண்ணி பட்டா அப்பளம் மாதிரி சுருளும். வாட்டர் கலருக்கு வாட்டர் கலர் காகிதம், 300 ஜிஎஸ்எம். மார்க்கருக்கு வழுவழுன்னு இருக்கிற அட்டை, ஆனா பளபளன்னு பூச்சு இருக்கக் கூடாது. மெட்ராஸ்காரங்க பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குப் போங்க, காகிதத்துக்குன்னே இருக்கிற தெரு. கல்யாணப் பத்திரிகை மாடலைப் பார்த்து மயங்கி நின்னுடாதீங்க, நான் நின்னுடுவேன்.

இப்போ கலர். மேசையைக் காட்டறேன். இது ஆர்கைவல் மை, தண்ணியில அசையாது, வாட்டர் கலர் பென்சில் எடுத்திருக்கேன். நீங்க எல்லாரும் பண்ற தப்பு, சிவப்பு எடுத்து அஞ்சு இதழையும் ஒரே மாதிரி தீட்டிடறீங்க. வாசல்ல காவி அடிக்கிற மாதிரி. தொட்டியில ஒரு செம்பருத்தி பறிச்சு பக்கத்துல வச்சுக்கிட்டுப் பாருங்க. ஒவ்வொரு இதழும் ஒரு ஓரம் பக்கத்து இதழ் மேல ஏறும், இன்னொரு ஓரம் அந்தப் பக்கத்து இதழுக்கு அடியில போகும். சுத்தி வந்தா காத்தாடி மாதிரி. அடியில போற ஓரத்துல மட்டும் அடர் சிவப்பு, மெல்லிசா. தொண்டைக்குள்ள, அந்தத் தண்டு கிளம்புற இடத்துல, மெரூன். அங்கேர்ந்து வெளியே இழுங்க, கோடு இதழோட நரம்பு போற திசையில போகணும். பாதி தூரத்துல கையைத் தூக்கிடுங்க. விளிம்பு வரைக்கும் பென்சில் போகவே வேண்டாம்.

இப்போ பிரஷ். ஈரம், சொட்டு இல்ல. துணியில ஒத்தி எடுத்துட்டு, வெளுப்பான விளிம்புலேர்ந்து உள்ளே வாங்க. இருட்டுலேர்ந்து வெளிச்சத்துக்கு இழுத்தா எல்லாம் ஒரே சிவப்பாயிடும். இதோ, ஒரு இதழ். பாருங்க, கறுப்புக் கோடு கம்முனு இருக்கு. பக்கத்து இதழை இப்பவே தொடாதீங்க, ஒண்ணு விட்டு ஒண்ணு. நடுத்தண்டுல இருக்கிற மஞ்சள் பொட்டை எல்லாம் கடைசியில, அது வரைக்கும் அந்த இடம் வெள்ளையா இருக்கட்டும்.

அய்யோ, மணி மூணே கால். மூணரைக்கு ஸ்கூல் வேன் வந்துடும். மிச்சத்தை ஓட ஓடச் சொல்றேன், வேகத்தைக் குறைச்சுப் பாத்துக்கோங்க.

எம்பாசிங். வெர்சாமார்க் மாதிரி பிசுக்கு மையில ஸ்டாம்ப் பண்ணி, கறுப்பு எம்பாசிங் பவுடர் தூவி, உதறி, ஹீட் கன்னால சூடு காட்டினா உருகிப் பளபளன்னு கோடு மேலெழும்பும். அது வயல் வரப்பு மாதிரி, வாட்டர் கலர் இதழை விட்டு வெளியே போகாது. ஹேர் ட்ரையர் வேண்டாம், சூடு பத்தாது, பவுடரையும் ஊதித் தள்ளிடும். ஸ்டாம்ப் பண்றதுக்கு முன்னாடி காகிதம் மேல துளி பாண்ட்ஸ் பவுடர் தடவித் துடைங்க. நம்ம ஊர் ஈரத்துக்கு அதில்லாட்டி எம்பாசிங் பவுடர் கண்ட இடத்துலயும் ஒட்டும்.

புது ஸ்டாம்ப் திட்டுத் திட்டா விழுதுன்னா, அழிரப்பரால லேசா ஒரு தேய் தேய்ங்க. பிளாக்ல ஒட்டாம விழுதுன்னா சோப்புத் தண்ணியில கழுவிக் காயவைங்க.

அளவு. ஏ4 அட்டையைப் பாதியா வெட்டி, ஒவ்வொரு பாதியையும் மடிச்சா 105க்கு 148 மில்லிமீட்டர். உறை சி6 கேளுங்க, 114க்கு 162. மடிக்கிற இடத்துல ஸ்கேல் வச்சு, மை தீர்ந்துபோன ரீஃபிலால ஒரு கோடு இழுத்துட்டு மடிங்க, வெடிக்காது. பூவைத் தனிக் காகிதத்துல பண்ணி அட்டையில ஒட்டுங்க. அட்டை மேலயே பண்ணிக் கெடுத்துட்டு அழாதீங்க.

ஸ்டாம்பே இல்லையா? முத்தின வெண்டைக்காய். காம்புப் பக்கம் நறுக்கி, வெட்டுவாயைப் பழைய பேப்பர்ல நாலு தடவை ஒத்துங்க, வழுவழுப்பு போகட்டும். போஸ்டர் கலர் தடவி அழுத்தினா அஞ்சிதழ்ப் பூ. நடுவுல விதைக் குழிகூட விழும்.

வேன் ஹார்ன். இருங்க, இருங்க, இதுதான் முக்கியமானது, முதல்லயே சொல்லியிருக்கணும். உங்ககிட்ட இருக்கிறது எந்த மைன்னே தெரியலையா, வேற வாங்கவும் வசதி இல்லையா? வரிசையை மாத்திடுங்க. முதல்ல தண்ணிக் கலரை ஒரு வட்டமா, ஓரம் ஒழுங்கில்லாம, சும்மா சிவப்புத் திட்டா அடிங்க. ராத்திரி பூரா காயட்டும். காலையில அது மேல ஸ்டாம்ப் பண்ணுங்க. கலர் கோட்டைத் தாண்டி இருந்தா இன்னும் அழகு. அதுக்கப்புறம் தண்ணியே தொடப் போறதில்ல, ஆபீஸ் பேட் மை எதுல கரைஞ்சா நமக்கென்ன. காயறதுக்கு மட்டும் நேரம் விட்டு... வர்றேன்டா, வர்றேன்! கேட்டு திறந்துதான் இருக்கு!