20 மில்லி வினாடியில் ஒரு தீர்ப்பு

மாணவர்களே, பிறை தொழிற்பேட்டை வழியாகப் போகும்போது அங்குள்ள மின்னணுத் தொழிற்சாலைகளுக்குள் என்ன நடக்கிறது என்று யோசித்ததுண்டா?

அங்கே மின்சுற்றுப் பலகைகள் வரிசையாக நகர்ந்து வரும். மேலிருக்கும் கேமரா ஒவ்வொன்றையும் படம் எடுக்கும். படம் என்பது கணினிக்கு வெறும் எண்கள்தாம். நீளத்தில் 1,000, அகலத்தில் 1,000 புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைப் படத்தில் 10 லட்சம் எண்கள் இருக்கும். அவற்றில் பழுதைத் தேடும் மென்பொருளை எழுதுபவரே நிகழ்நேரப் படச் செயலாக்கப் பொறியாளர்.

வினாடிக்கு 50 படங்கள் என்றால், ஒரு படத்துக்கு 20 மில்லி வினாடிதான். கண் சிமிட்டும் நேரத்தைவிட மிகக் குறைவு! அதற்குள் வராத விடை, சரியாக இருந்தாலும் பயனில்லை. பலகை கடந்து போயிருக்கும். அதனால் பொறியாளர் முழுப் படத்தையும் அலசாமல், பற்றவைத்த இடங்களை மட்டும் பார்க்கச் சொல்வார். வேலையைப் பல செயலிகளுக்குப் பிரித்துக் கொடுப்பார்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சோதனையை அதிகம் இறுக்கினால் நல்ல பலகையும் குப்பைக்குப் போகும். தளர்த்தினால், பழுதான பலகை மருத்துவமனைக் கருவிக்குள் போய்ச் சேரலாம். அந்த எல்லையை வகுப்பதும் பொறியாளரின் பொறுப்பே.

1972இல் பாயான் லெப்பாஸில் இன்டெல் ஆலை தொடங்கிய காலத்தில், பினாங்கின் ஆலைகளில் பெண் தொழிலாளர்கள் நுண்ணோக்கியில் கண் பதித்து வேலை செய்தனர். 2000இல் பினாங்கில் உருவான வைட்ராக்ஸ் நிறுவனம், இன்று பத்து காவானில் சோதனை இயந்திரங்களையே தயாரிக்கிறது.

இதயத்தை மீயொலியில் படம்பிடிக்கும் கருவிக்கும் இதே அவசரம்தான். அந்த ஒலியும் ஓர் அலையே. கூடுதல் கணிதத்தில் நீங்கள் வரையும் சைன் வளைவு, அதைப் படிக்கும் முதல் பாடம்.