கன்னத்தில் அதக்கிய முறுக்கான்

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் யாருக்குப் புற்றுநோய் வந்தாலும் பழி மணவாளக்குறிச்சி மணல்மேல்தான். அதைச் சொல்கிறவரின் கன்னம் புடைத்திருக்கும். உள்ளே முறுக்கான்: வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, ஒரு துண்டு போயிலை. இதே ரக மணல் உள்ள கேரளத்துக் கருநாகப்பள்ளியில் சுமார் 70,000 பேரைப் பத்தாண்டுக்கு மேல் கவனித்த ஆய்வு 2009இல் வந்தது. மணலின் இயற்கைக் கதிர்வீச்சால் அங்கே புற்றுநோய் கூடவில்லை.

முறுக்கானைப் பற்றியோ நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் ஐ. எம். ஓர் 1933இலேயே ‘லான்செட்’ இதழில் எழுதிவிட்டார். திருவிதாங்கூரில் வெற்றிலை போடுகிறவர்களின் வாய்ப்புற்றுதான் கட்டுரைப் பொருள்.

“போயிலை கிடையாது, வெறும் பாக்குதான்” என்பார்கள். பாக்கு தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட ஆய்வேட்டில் சொல்லியிருக்கிறது. பாக்கு உள்கன்னத்தை இறுக்கிவிடும். மூன்று விரலை அடுக்கி வாய்க்குள் விட்டுப் பாருங்கள்; நுழையாவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும்.

வாய், தொண்டை, மூக்கு என்று புற்று வரும் இடத்துக்கு இடம் காரணம் மாறும். குரல்வளைக்குப் பீடியும் சிகரெட்டும். கூடவே குடியும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு. டான்சில், அடிநாக்குப் புற்றுக்கு எச்.பி.வி. வைரஸும் காரணம்; அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. மூக்குக்குள் வருவதற்கு மரத்தூள்: இழைப்பு வேலை பார்க்கும் ஆசாரிமார் முகக்கவசம் போடாமலிருப்பது சிக்கனமல்ல.

பக்கத்து வீட்டு ஆச்சி ஆறு மாதம் “குழம்பிலே காரம் கூடிப்போச்சு” என்று மருமகளைக் குறை சொன்னாள். வாய்ப்புண்ணுக்கு மணத்தக்காளிக் கீரை தின்றாள். நாக்கோரத்துப் புண் அதற்குள் வேரோடியிருந்தது. மூன்று வாரத்தில் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, குரல் கம்மல், கழுத்துக் கட்டி எதுவானாலும் காட்டிவிடுங்கள். திருவனந்தபுரம் மாவட்டத்தில் பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடுவீடாகப் போய் வாயைப் பார்த்ததிலேயே, புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களிடையே வாய்ப்புற்றுச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் காட்டலாம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். அதற்கு வருமானச் சான்றும் ரேஷன் கார்டும் வேண்டும். நோய் வந்தபின் அலைவதைவிட இப்போதே காப்பீட்டு அட்டை எடுத்து வைத்துக்கொள்ளலாம். 18 வயதுக்குக் குறைந்தவருக்கோ, பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள்ளோ புகையிலை விற்கும் முறுக்கான் கடைமேல் புகார் கொடுப்பதும் உங்கள் உரிமை.