ஆசிரியர் போன பிறகும் அடங்காத வகுப்பு

ஜெல்லிமீன் புரதத்தை மாத்திரையாக்கி, நினைவாற்றல் கூடும் என்று விற்றது ஓர் அமெரிக்க நிறுவனம். அப்படி விளம்பரம் செய்யக் கூடாது என்று 2024 டிசம்பரில் நியூயார்க் நீதிமன்றம் உத்தரவிட்டது. கால்சியத்தைப் பிடிக்கும் புரதம், ஆகவே மூளைக்கு நல்லது என்பது விற்றவர்களின் வாதம். விழுங்கிய புரதம் வயிற்றிலும் குடலிலும் சிதைந்துபோகும். நியூரானுக்குள் கால்சியத்தை ஆளும் புரதங்கள் அங்கேயே உருவாகின்றன. அவை செய்யும் வேலையோ எந்த விளம்பரத்தையும்விட வியப்பானது.

நியூரானுக்கு வெளியே, உள்ளே இருப்பதைப்போல் சுமார் 10,000 மடங்கு கால்சியம். நியூரானின் வாயில்கள் திறந்தால் அது உள்ளே பாய்ந்து வரும். பம்புகள் உடனே இறைத்து வெளியேற்றிவிடும். நொடிப்பொழுதில் மறையும் இந்தக் கால்சியம் எப்படித் தடம் பதிக்கிறது?

தடம் பதிக்க உதவும் கால்மோடுலின் என்ற புரதம் 1970இல் தெரியவந்தது. நான்கு கால்சியம் அயனிகளைப் பிடித்ததும் அது உருமாறி வேலையில் இறங்கும்.

அது எழுப்பிவிடுவது காம்கைனேஸ்-2 என்ற நொதியை. ஆறாறாக இரு வட்டம், மொத்தம் 12 அலகுகள். தன் கையால் தன் வாயைப் பொத்தி உட்கார்ந்திருக்கும் 12 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கால்மோடுலின் ஆசிரியர் வந்து ஒரு பிள்ளையின் கையை விலக்குகிறார், பேச்சு தொடங்குகிறது. அவர் போனால் கை மறுபடி வாய்க்குப் போய்விடும். ஆனால் பக்கத்துப் பிள்ளையின் கையும் அதே நேரத்தில் விலகியிருந்தால், ஒன்று மற்றதன் உள்ளங்கையில் மை தடவிவிடும். மைக்கையை யார் வாயில் வைப்பார்? ஆசிரியர் போன பிறகும் பேச்சு ஓயாது. மை என்பது 286ஆம் இடத்து அமினோ அமிலத்தில் ஏறும் பாஸ்பேட். கையைக் கழுவிவிட வேறு நொதிகள் உண்டு. கால்சியம் அடுத்தடுத்து விரைவாக வந்தால்தான் பக்கத்துப் பிள்ளைகள் ஒன்றாக விழிப்பார்கள். எவ்வளவு வந்தது என்பதோடு, எத்தனை விரைவாக வந்தது என்பதையும் இந்த நொதி இப்படித்தான் கணிக்கிறது.

1998இல் மை ஒட்டாதபடி அந்த 286ஆம் இடம் மட்டும் மாற்றப்பட்ட சுண்டெலிகள், நீர்த்தொட்டியில் மறைந்திருந்த மேடையின் இடத்தைக் கற்கத் திணறின.

ஆனாலும் இந்த நொதியை ‘நினைவு மூலக்கூறு’ என்று கொண்டாடுவது மிகை. நியூரான்கள் சந்திக்கும் நரம்பிணைப்பில் நேரடியாக அளந்தபோது இந்த விழிப்பு ஓரிரு நிமிடங்களில் அடங்கிவிட்டது. நினைவு பதியும்போது வலுப்பெற்ற இணைப்பை ஆண்டுக்கணக்கில் காப்பது எது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை.