வலது கீழ் மூலை

தாவரவியலாளர் காட்டுக்குப் போய்க் கிளையை ஒடித்துக்கொண்டு வருகிறார். ஒடித்து எடுத்து வருவது எப்படிச் செடிகளுக்குப் பாதுகாப்பு ஆகும்? நியாயமான கேள்வி. டீ வரட்டும், நிதானமாகப் பார்ப்போம்.

ஒடித்த கிளையை அன்றே பழைய செய்தித்தாளுக்கு நடுவே விரித்து, பலகைச் சட்டத்தில் வைத்து இறுகக் கட்டுகிறார்கள். ஓரிரு இலையாவது பின்புறம் தெரியும்படி கிடக்க வேண்டும். நரம்பும் ரோமமும் அங்கேதான் நன்றாகத் தெரியும். ஈரம் ஊறிய தாளை மாற்றிக்கொண்டே இருக்காவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும். காய்ந்தபின் கெட்டித் தாளில் ஒட்டித் தைத்து, வழக்கமாக வலது கீழ் மூலையில் ஒரு சீட்டு ஒட்டுவார்கள். எந்த ஊர், எந்தச் சரிவு, கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர், என்ன தேதி, யார் எடுத்தது, எத்தனையாவது எண். பூவின் நிறத்தையும் மணத்தையும் மறக்காமல் எழுத வேண்டும். காய்ந்த செடியில் அவை தங்காது. சீட்டில் உள்ள பெயர் பிற்பாடு மாறலாம். இடமும் தேதியும் மாறாது. அதனால் செடியைவிட அந்தச் சீட்டுக்கே நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

பெயர் கண்டுபிடிப்பது பெரும்பாலும் பூவை வைத்துத்தான். காய்ந்த பூவை வெந்நீரில் போட்டால் தேயிலை விரிவதுபோல் இதழ்கள் மெல்ல விரியும். பிளேடால் பிளந்து, லென்ஸ் வழியே பார்க்க வேண்டும்: மகரந்தத்தாள்கள் எத்தனை, சூலகம் இதழுக்கு மேலா கீழா, அதற்குள் எத்தனை அறை. வெப்பமண்டலக் காட்டில் பூ கையில் கிடைப்பதே பெரும்பாடு. ஒரே சோலையில் எத்தனையோ இனங்கள். அவற்றில் பலவற்றுக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில மரங்களே இருக்கும். பூப்பதும் உச்சிக் கிளையில், சில வாரங்களுக்கு மட்டும். குறிஞ்சியோ பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூத்து மடிகிறது. 2006-இல் தவறவிட்டவர் 2018 வரை காத்திருக்க வேண்டியதுதான்.

புதிய இனம் என்று உறுதியானால், விவரிக்கிறவர் ஒரு குறிப்பிட்ட தாளைக் காட்டி இந்தப் பெயர் இதற்குரியது என்று அச்சில் பதிவு செய்கிறார். அதற்கு டைப் என்று பெயர். பின்னால் சந்தேகம் எழும்போதெல்லாம் அந்தத் தாளோடுதான் ஒப்பிடுவார்கள். அதனால் ஒரே செடியிலிருந்து பல தாள்கள் செய்து வேறு வேறு ஊர்களுக்கு அனுப்பும் வழக்கம் உண்டு. இந்தத் தாள்களைச் சேமித்து வைக்கும் இடத்துக்கு ஹெர்பேரியம் என்று பெயர். 1943 மார்ச்சில் குண்டுவீச்சில் பெர்லின் ஹெர்பேரியத்தின் பெரும்பகுதி எரிந்துபோனது. அப்போது பல பெயர்களுக்குச் சான்றாக மிஞ்சியவை வெளியூருக்குப் போயிருந்த தாள்கள்தான்.

நம் பக்கத்துக்கு வருவோம். சென்னை மாகாணத்தின் தாவரங்களைப் பற்றி ஜே.எஸ். கேம்பிள் தொடங்கி, அவருக்குப் பின் ஃபிஷர் முடித்த நூல் 1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. மகத்தான உழைப்பு. ஆனால் பெரும்பாலும் லண்டன் கியூ தோட்டத்தில், காய்ந்த தாள்களை வைத்து எழுதப்பட்டது. திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியத்தில் இருந்த இயேசு சபைத் துறவி கே.எம். மேத்யூ, மாணவர்களோடு மலை மலையாக ஏறிப் புதிதாகச் சேகரித்தார். தமிழகத்துக்குள் அடங்கும் ‘கர்நாட்டிக்’ பகுதியின் தாவரங்கள் பற்றிய அவருடைய நூல்வரிசை 1981-இல் வரத் தொடங்கியது. பழனி மலை பற்றிய மூன்று பகுதிகள் 1999-இல் வந்தன. சேகரித்ததோடு அவர் நிற்கவில்லை. புல்வெளிகளைச் சீகையும் பைனும் தைலமரமும் மூடிக்கொண்டிருந்த காலத்தில், 1985-இல், பழனி மலைப் பாதுகாப்புக் குழுவைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். எந்தச் செடி எங்கே இருந்தது என்று தாளில் எழுதி வைத்தவருக்குத்தான், அது அங்கே இல்லாமல் போனதும் முதலில் தெரியும். என்னைக் கேட்டால், ஒடித்த கிளை பாதுகாப்பாக மாறுவது அந்த இடத்தில்தான்.

பழனி மலையிலிருந்து விவரிக்கப்பட்டு, 1972-இல் பெயர் பெற்ற எலியோகார்பஸ் பிளாஸ்கோயி உருத்திராட்ச மரத்தின் நெருங்கிய சொந்தம். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் பணியாற்றிய பிளாஸ்கோவின் பெயரைத் தாங்கியிருக்கிறது. இன்று அழியும் அபாயத்தில் உள்ள மரங்களின் பட்டியலில் இருக்கிறது. இப்படிப்பட்ட ஒன்றைத் தேடிப் போகிறவருக்கு, ஊரும் உயரமும் எழுதிய அந்தச் சீட்டைவிட்டால் வேறு வழிகாட்டி ஏது?

விதையை எடுத்துக் குளிரில் வைத்துவிடலாமே என்று தோன்றும். நெல்லுக்கு அது சரி. காயவைத்து உறைகுளிரில் வைத்தால் பல ஆண்டு தாங்கும். மாங்கொட்டை, பலாக்கொட்டை, நாவல் கொட்டை எல்லாம் காய்ந்தால் செத்துப்போகும். வெப்பமண்டல மரங்கள் பலவற்றின் சுபாவம் அது. அவற்றை உயிரோடு வளர்த்துத்தான் காப்பாற்ற முடியும்: விழுந்த பழத்தை உடனே பொறுக்கி, நர்சரிப் பையில் ஊன்றி, மரத்தடி நிழலில் வைத்து, வேர் பிடித்த கன்றைச் சோலை ஓரத்தில் நட வேண்டும்.

ஒவ்வொரு கன்றுக்கும் தாய்மரம் எது என்று குறித்து வைக்க வேண்டும். எல்லாக் கன்றும் ஒரே மரத்தின் பிள்ளைகளானால், ஒரு நோய் வந்தால் எல்லாம் சேர்ந்து விழும். அவை தங்களுக்குள்ளேயே கலந்தால் அடுத்த தலைமுறையின் வீரியமும் குறையும். ஆகவே இரண்டாவது மரம் வேண்டும், மூன்றாவது வேண்டும். அவை எங்கே இருக்கக்கூடும் என்று தேட, ஹெர்பேரியத்தின் அலமாரியைத் திறந்து பழைய தாள்களை மறுபடி ஒவ்வொன்றாகப் புரட்டுகிறார்கள்.