நப்பின்னை: மீண்டும் சூட்ட ஒரு பெயர்

மார்கழி விடியலில் திருப்பாவை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. ஆண்டாள் பாடிய அந்த 30 பாசுரங்களில் 18, 19, 20 ஆகிய மூன்றிலும் ஆயர் சிறுமியர் எழுப்புவது கண்ணனின் துணைவி நப்பின்னையைத்தான். அவள் கதவைத் திறந்தால்தான் கண்ணனின் அருள் கிட்டும். ஆனாலும் மகளுக்கு ஆண்டாளின் பெயரான கோதை என்று ஆசையாகப் பெயர் வைக்கும் வீடுகளில்கூட ஒரு நப்பின்னையைக் காண்பது அரிது.

ந, பின்னை என்று பெயர் பிரியும். 'ந' சிறப்பைக் காட்டும் முன்னொட்டு. நக்கீரர், நச்செள்ளையார், நப்பசலையார் என்று சங்கப் புலவர் பெயர்களில் இருப்பதும் இதுவே. பின்னை என்றால் பின்பிறந்தவள், இளையவள் என்பார்கள்.

பாகவதத்தில் இவள் பெயர் கிடையாது. அங்கே ஏழு காளைகளை அடக்கிக் கண்ணன் மணப்பது கோசல மன்னன் மகள் சத்யாவை. தமிழ் மரபிலோ ஏழு எருதுகளைத் தழுவி அவன் கைப்பிடிப்பது ஓர் இடையர் வீட்டுப் பெண்ணை. ஏறு தழுவியவனுக்கே மகளைக் கொடுக்கும் முல்லை நிலத்து வழக்கத்தைக் கலித்தொகை விரிவாகப் பாடுகிறது. நப்பின்னை அந்த மண்ணின் மகள்.

சிலப்பதிகாரத்தில் அவள் வரும் இடம் நெஞ்சைப் பிசைவது. மதுரை ஆய்ச்சேரியில் பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை. தீக்குறி கண்டு கலங்கிய, கண்ணகிக்கு அடைக்கலம் தந்த ஆயர்குலப் பெண் மாதரி, கண்ணன் பலராமனோடும் பின்னையோடும் அன்று ஆடிய குரவையைக் கண்ணகி பார்க்க ஆடுவோம் என்கிறாள். ஏழு பெண்களுக்கு ஏழு சுரங்களின் பெயர் சூட்டப்படுகிறது. குரல் கண்ணனாகிறது, இளி பலராமனாகிறது, துத்தம் பின்னையாகிறது. ஓர் இசைச் சுரமாகவே நின்ற பெண் பெயர் தமிழில் வேறு எது?

சமண முனிவர் திருத்தக்கதேவரும் சீவகசிந்தாமணியில் அவளை நினைக்கிறார். வைணவ ஆசாரியர்கள் அவளை நீளாதேவியின் அவதாரமாகப் போற்றினார்கள். திருப்பாவையின் பதினெட்டாம் பாசுரத்தைப் பாடியபடி பிச்சைக்கு வந்த ராமானுஜர், குருவின் மகள் வளையொலியோடு கதவு திறந்ததும் நப்பின்னையே வந்தாள் என்று மயங்கி விழுந்ததாக ஒரு செய்தி வழிவழியாகச் சொல்லப்படுகிறது.

சமயம் கடந்து, காப்பியத்திலும் பாசுரத்திலும் இப்படி வாழ்ந்த பெயரை நாம் ஏன் புத்தகத்தோடு விட்டுவிட வேண்டும்? மகளுக்குத் தமிழ்ப் பெயர் தேடுகிறவர்கள் இதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். வீட்டில் கூப்பிடப் பின்னை என்றே போதும்.