விண்கல்லை அறியும் வகை

வயலிலோ ஆற்று மணலிலோ கரிய கனத்த கல்லொன்று கிடைத்துவிட்டால், அதனை விண்கல்லென்று கொண்டாட நம் மனம் விரைகின்றது. அத்தகையனவற்றுட் பெரும்பாலன உலைக்கசடோ இரும்புத்தாதோதாம். காந்தத்தில் ஒட்டுதலொன்றே சான்றாகாது. சேலத்துக் கஞ்சமலைக் கல்லும் ஒட்டுமன்றோ?

மெருகிடாத வெண்பீங்கானில் கல்லை உரைத்தால் செங்கோடோ கருங்கோடோ அழுத்தமாய் வீழுமாயின், அது பூமியின் தாதென்றே பெரிதும் கொள்ளலாம். கொப்புளத் துளைகள் மலிந்திருப்பின் கசடென்று ஐயுற வேண்டும். புதிதாய் வீழ்ந்த விண்கல்லை மெல்லிய கரிய உருகுதோல் போர்த்திருக்கும்.

ஆயினும் தோற்றத்தினும் வலிய சான்று நிக்கலென்னும் உலோகமே. வானினின்று கல் விழுமென்பதைக் கற்றோர் பலர் நகைத்த காலம் அது. 1798 டிசம்பர் 19ஆம் நாள் காசியருகே வீழ்ந்த கற்களையும், 1794இல் இத்தாலியச் சியன்னாவிலும் 1795இல் இங்கிலாந்தின் யார்க்ஷயரிலும் வீழ்ந்தவற்றையும் எட்வர்டு ஹவார்டு என்னும் இரசாயன நூலார் சோதித்தார். பூர்னோன் பிரபு பொறுமையுடன் பிரித்தெடுத்த இரும்புமணிகளில் நிக்கல் கலந்திருந்தது. தொலைதூர நாடுகளில் வீழ்ந்த கற்கள் தம்முள் ஒத்திருந்தன! 1802இல் இவ்வாராய்ச்சி வெளிவந்தபின் நகைப்பு அடங்கலாயிற்று.

இரும்பில்லாத விண்கற்களும் சிலவுண்டு. அவற்றை ஆய்வாளரே துணிதல் கூடும். வலிய காந்தத்தைக் கல்லின்மேல் தடவுதல் தகாது. அதிற் பதிந்துள்ள பழைய காந்தக் குறிப்பு அழிந்துபோம். திசைகாட்டியின் ஊசி அசைகின்றதா என்று பார்த்தலே போதும். கழுவாது உலர்ந்த தாளிற் பொதிந்து, கிடைத்த இடமும் நாளும் எழுதி, கொல்கத்தாவிலுள்ள இந்தியப் புவியியல் ஆய்வுத்துறைக்கு அறிவிக்கலாம்.