1080 படங்களும் ஒரு கேள்வியும்

மாலை வகுப்பு முடிந்து பிள்ளைகள் கலைந்து சென்ற பின்னரும் ஒரு மாணவர் மட்டும் தயங்கி நின்றார். கள்ளக்குறிச்சியில் கல்லூரி முதலாண்டு பயில்பவர். சிறு வயது முதல் என்னிடம் ஓதியவர். "ஹஜ்ரத், அசையும் ஓவியப் படம் ஒன்று எடுக்க ஆசைப்படுகிறேன். மார்க்கத்தில் கூடுமா, கூடாதா?" என்று கேட்டார்.

நான் சிந்திக்கவில்லை. "கூடாது" என்ற ஒரே சொல்லில் பேச்சை முடித்துவிட்டேன். அவர் ஸலாம் கூறிச் சென்றார். அதன்பின் பதினைந்து நாட்கள் வகுப்பின் பக்கமே வரவில்லை.

அந்த வெற்றிடம் என்னை உறுத்தியது. ஓரிரவு ஹதீஸ் நூலைப் புரட்டினேன். உருவங்கள் செய்வதே தம் பிழைப்பு என்று கூறிய ஒருவருக்கு, உருவம் செய்வோரைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் விடுத்த எச்சரிக்கையை இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் எடுத்துரைத்தார்கள். கேட்டவரின் முகம் வெளிறிப்போயிற்று. அவர்களோ அத்துடன் நிறுத்திவிடவில்லை. செய்தே ஆக வேண்டுமாயின் மரங்களையும் உயிரற்ற பொருள்களையும் செய்துகொள்ளுமாறு வழியும் காட்டினார்கள். ஸஹீஹுல் புகாரியில் உள்ள இந்த நிகழ்ச்சியை நானே பலமுறை பாடமாக நடத்தியிருக்கிறேன். ஆனால் அந்த மாணவரிடம் கதவை அடைக்கும் பாதியை மட்டும் சொல்லி, திறக்கும் பாதியை விழுங்கிவிட்டேன்!

மறுநாள் அவருடைய வீட்டிற்கே சென்றேன். உருவங்கள் குறித்தும், இக்காலக் கருவிகளில் தோன்றும் படங்கள் குறித்தும் உலமாக்களிடையே கருத்து வேறுபாடுகள் உள்ளதை விளக்கினேன். பிறகு அந்த ஹதீஸைச் சொன்னேன். சற்று நேரம் மௌனமாக இருந்தவர், "அப்படியானால் தண்ணீரை நடிக்க வைக்கலாமே ஹஜ்ரத்!" என்றார்.

மலையில் பிறந்த கதை

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலை நிற்கிறது; கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் ஒன்று. அங்கு உற்பத்தியாகும் கோமுகி ஆறு, கச்சிராயபாளையம் அருகே அணையில் தேங்கி, கீழே வயல்களை வளர்க்கிறது. மலையில் விழும் ஒரு மழைத்துளி ஓடையாகி, அருவியாகி, அணையைக் கடந்து, வாய்க்கால் வழியே கரும்புத் தோட்டத்தைச் சேர்ந்து, இறுதியில் பள்ளிவாசல் ஹவுளில் உளூவுக்குரிய நீராக நிற்கிறது. இதுவே கதை.

ஒரு விடுமுறை நாளில் வெள்ளிமலைக்குப் பேருந்தில் சென்று, பாறைகளின் வடிவையும் மரங்களின் சாய்வையும் நோட்டில் குறித்து வந்தார். திரும்பும்போது கோமுகியிலிருந்து ஒரு பை மணலும் கொண்டுவந்தார்.

மணல் எதற்கு என்று கேட்டேன். கரோலின் லீஃப் என்ற அமெரிக்கப் பெண்மணி, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பயின்றபோது, கீழிருந்து ஒளியூட்டிய கண்ணாடியில் மணலைப் பரப்பி, விரலால் நகர்த்தியே தம் முதற்படத்தை உருவாக்கினாராம். 1969இல் வெளிவந்த படம் அது. கனடாவின் நார்மன் மெக்லாரனோ, ஈவ்லின் லாம்பார்ட்டுடன் சேர்ந்து, வெறும் செங்குத்துக் கோடுகளை மட்டுமே அசையவிட்டு 1960இல் ஒரு முழுப் படம் தந்தார். உருவமின்றியும் இக்கலை வாழும் என்பதை அன்றுதான் அறிந்தேன். ஆசிரியன் மாணவனிடம் பாடம் கேட்டேன் என்பதே உண்மை.

ஐம்பத்து நான்கு இரவுகள்

செங்கல் அடுக்கின் மேல் பழைய ஜன்னல் கண்ணாடி. அதன் அடியில் வெள்ளைத்தாள் மறைத்த விளக்கு. மேலே முக்காலியில் கட்டிய கைப்பேசி. இவையே அவருடைய படப்பிடிப்புக் கூடம்.

திரைப்படத்தில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஓவியப் படத்தில் ஒவ்வொன்றையும் இருமுறை காட்டினால் 12 போதும். ஆகவே ஒன்றரை நிமிடப் படத்திற்கு 1080 படங்கள்! மாவுச் சல்லடையில் சலித்த மணலை ஊசியாலும் விரலாலும் சிறிது நகர்த்துவார், ஒரு படம் பிடிப்பார், மீண்டும் நகர்த்துவார். முந்தைய காட்சி அழிந்தால்தான் அடுத்தது பிறக்கும். தவறினால் திருத்த வழியில்லை.

கைப்பேசியைத் தொட்டால் படம் ஆடிற்று. காதொலிக் கம்பியில் உள்ள பொத்தானை அழுத்திப் படம் பிடிக்கக் கற்றார். பகல் வெளிச்சம் மாறியதால் காட்சிகள் மினுக்கின. இஷாவுக்குப் பிறகே வேலை என்றானது. மின்விசிறி சுழன்றால் மணல் பறக்கும். புழுக்கத்தில் வியர்வை வழிய அமர்ந்திருந்தார். ஒருநாள் வீட்டுப் பூனை கண்ணாடியின் மேல் நடந்து, பாதி அருவியைக் கொண்டுபோய்விட்டது!

முதல் ஒத்திகையில் மழைத்துளி நூலில் கட்டி இறக்கியது போல் வந்தது. இடைவெளிகளை ஒரே அளவாக வைத்ததே காரணம். விழும் பொருள் வரவர வேகம் கொள்ளும் அன்றோ? முதலில் குறைவாகவும், பின்னர் கூடுதலாகவும் நகர்த்தியபோது துளி உண்மையாகவே விழுந்தது. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த இயற்பியல், மணலில் உயிர் பெற்றது.

இசைக்கருவி எதுவும் இல்லை. முறத்தில் அரிசியைச் சரித்து மழையோசையைப் பதிவு செய்தார். மீதி ஓசையை அணையின் மதகு தந்தது. ஓர் இரவுக்கு இருபது படங்களாக, ஐம்பத்து நான்கு இரவுகளில் பணி நிறைவேறியது.

படம் காண அழைத்தார். கடை நடத்தும் அவருடைய அத்தாவும் அமர்ந்தார். "இத்தனை நாள் உழைப்பு ஒன்றரை நிமிடந்தானா?" என்றார். கடைசிக் காட்சியில் ஹவுளின் நீர் அசைந்து நிற்கிறது. ஓரத்தில் வரிசையாகச் செருப்புகள். மனிதர் ஒருவரும் இல்லை. ஆயினும் ஜமாஅத் கூடியிருப்பது தெரிகிறது. அத்தா பேசவில்லை. சிறிது கழித்து, "இன்னொரு தடவை போடு" என்றார்.

பெற்றோர் சிந்தனைக்கு

இந்தக் கலை நன்மைக்கும் கருவியாகும். யுனிசெஃப் நிறுவனத்துக்காக ராம் மோகன் 1990களில் உருவாக்கிய 'மீனா' படங்கள், பெண்பிள்ளைகளின் படிப்புரிமையை வங்கதேசம் உள்ளிட்ட தெற்காசிய நாடுகளின் வீடுகளுக்கு எடுத்துச் சென்றன. அவை உருவப் படங்களே. அவற்றின் சட்டத்தை ஆலிம்களிடம் கேட்டறிக. நான் கூற விரும்புவது வேறு.

நம் பிள்ளைகளின் கையில் இன்று கைப்பேசி இருக்கிறது. அதில் எதையும் செய்துவிட்டு நம்மிடம் சொல்லாமலே இருந்துவிட அவர்களால் முடியும். அப்படியிருந்தும் ஒரு பிள்ளை வந்து "கூடுமா?" என்று கேட்கிறதென்றால், அதன் உள்ளத்தில் இறையச்சம் இருக்கிறது என்பதே பொருள். அந்தக் கேள்விக்கு அரைப் பதில் தந்து அனுப்பினால், அடுத்த முறை பிள்ளை செய்வதை நிறுத்தாது; கேட்பதைத்தான் நிறுத்தும்.

என்னுடைய பதினைந்து நாள் தவற்றை அல்லாஹ் மன்னிப்பானாக! அந்த மாணவர் மீண்டும் வகுப்புக்கு வருகிறார். அடுத்து என்ன எடுக்கப் போகிறார் என்று இப்போது நான்தான் அவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.